ஒரு ‘டு’வில் மறைந்த உழைப்பு

உங்கள் இல்லத்திலும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் மகளோ மருமகளோ இருக்கக்கூடும். அவர்களை எண்ணியே என் அனுபவம் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

1987ஆம் ஆண்டு நான் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தேன். மறு ஆண்டே எனக்கு நிக்காஹ் நடந்தது. படிப்பைப் பாதியில் விட வேண்டாம் என்று முதலில் சொன்னவர் என் மாமியார்தாம். இறுதியாண்டுத் தேர்வை நான் எழுதிய நாள்களில், மூன்று மாதக் குழந்தையை மடியில் ஏந்தியவாறு கல்லூரி வாயிலின் வேப்பமரத்தடியில் காத்திருந்தவரும் அவரே. 1990இல் பட்டம் பெற்றேன்.

அடுத்த ஆண்டு ஒரு பள்ளியில் ஆசிரியைப் பணிக்கு விண்ணப்பித்தேன். திருமணத்திற்குப் பின்னரும் படிப்பை விடவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவிக்க எண்ணி, ‘ஆஃப்டர் மை மேரேஜ், ஐ வென்ட் ஆன் டு ஸ்டடி’ என எழுதினேன். நேர்முகத் தேர்வில் தலைமையாசிரியை, “திருமணத்திற்குப் பிறகே கல்லூரியில் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழோ முந்திய ஆண்டைக் காட்டுகிறது. எது உண்மை?” என வினவினார். பொய்யுரைத்தவளைப் போல் நின்றேன், நா எழவில்லை.

அருகிலிருந்த முதிய ஆங்கில ஆசிரியை கனிவோடு, “படிப்பை நிறுத்தவே இல்லையா, அம்மா?” என்று தமிழில் கேட்டார். ஆம் என்றேன். அவர் பென்சிலை எடுத்து, ‘டு ஸ்டடி’ என்பதை அடித்துவிட்டு ‘ஸ்டடியிங்’ என எழுதிக் காட்டினார்.

வேறுபாடு இதுதான். ‘வென்ட் ஆன் ஸ்டடியிங்’ என்றால், முன்பே படித்துக்கொண்டிருந்தவள் இடைவிடாமல் படித்தாள் என்று பொருள். ‘வென்ட் ஆன் டு ஸ்டடி’ என்றால், ஒன்று முடிந்தபின் அடுத்த கட்டமாகப் படிக்கலானாள் என்று பொருள். ‘படித்துக்கொண்டே போனாள்’, ‘படிக்கப் போனாள்’ என்பவற்றை நாம் ஒருபோதும் குழப்புவதில்லை அன்றோ? ஆங்கிலத்திலும் அசைவைக் குறிக்கும் வினைக்குப் பின்னே வரும் வினையின் வடிவமே பொருளைத் தீர்மானிக்கிறது.

இன்னும் சில பாருங்கள். நாம் ‘ஓடி வந்தான்’ என ஓட்டத்தை முன்னே வைப்போம். அவர்கள் ‘கேம் ரன்னிங்’ என வருகையை முன்னே வைப்பார்கள். மீண்டும் ஆசிரியப் பணிக்குத் திரும்பினாள் என்பதற்கு ‘வென்ட் பேக் டு டீச்சிங்’ என்பர். அங்கே ‘டு’ இருந்தும் ‘டீச்சிங்’தான் வரும். அமெரிக்கர் ‘கோ ஸீ’ என இரு வினைகளை அடுத்தடுத்து வைப்பர். ஆயினும் இறந்தகாலத்தில் ‘வென்ட் ஸா’ என்பது வழுவாகும், ‘வென்ட் அண்ட் ஸா’ என்றே சொல்ல வேண்டும்.

இவற்றை மனப்பாடம் செய்வது கடினம். ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய துணைவர்களும் தொகுத்து, 1942இல் ஜப்பானில் முதன்முதல் வெளிவந்த அகராதி, எந்த வினைக்குப் பின் எந்த வடிவம் வரும் என்பதை எடுத்துக்காட்டும் வழியைக் காட்டியது. அதன் வழிவந்த ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி இன்றும் கிடைக்கிறது. ஐயம் எழும்போது புரட்டிப் பார்ப்பது நன்று.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. வீடு திரும்பி நடந்ததைச் சொன்னேன். எழுத்தறியாத என் மாமியார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த ஒரு சொல்லுல, நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தது எல்லாம் இல்லாமப் போச்சா, மவளே?” என்று கேட்டார்.

மறு ஆண்டு வேறொரு பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, ‘வென்ட் ஆன் ஸ்டடியிங்’ என்று திருத்தமாக எழுதினேன். எழுதி முடித்ததும் அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். “இப்ப சரி” என்றார். உங்கள் பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் உறையிலிடுமுன், அதன் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லி ஒருமுறை கேளுங்கள்.