தனுஷ்கோடியோடு நின்றுபோன தண்டவாளம்

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, இராமேசுவரத்திலிருந்து தாம்பரத்திற்குப் புதிய ரயில் ஒன்றும் தொடங்கப்பட்டது. தாம்பரத்திற்கு இத்தடம் புதிதன்று. 1914இல் பழைய பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் தாம்பரத்தைக் கடந்தே தனுஷ்கோடி சென்றது. அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால், கொழும்புக்கு ரயில் உண்டு. வணிகம் நாடி இலங்கை சென்ற நம் முன்னோர் பலருக்கு அதுவே வழி.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பாதை மீண்டும் இயங்கவில்லை. நிலையத்தின் இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் இனப்போரால் நின்றது.

வழி அடைபட்டதும், இரு கரையிலும் பிரிந்திருந்த குடும்பங்கள் பலவற்றில் போக்குவரத்துக் குறைந்தது. பேரப்பிள்ளைகள் காலத்தில் பெயர்களும் மறைந்தன. ஆனால் இரத்த உறவைப் பேணுதலை மார்க்கம் நம்மீது கடமையாக்கியிருக்கிறது. பாதை அழிந்ததால் அக்கடமை அழிந்துவிடவில்லை. வீட்டுப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அக்கரை உறவுகளின் பெயர்களையும் ஊர்களையும் கேட்டு எழுதிக்கொள்வோம், தேடிப் பேசுவோம்.

அறுந்த உறவுகளை மீண்டும் இணைத்திட வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.