உயில்னா அபசகுனமா பாஸ்?

உயில்னு சொன்னதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். பணக்காரப் பெரியவர் கட்டிலில் இருமுவார், கறுப்பு கோட் வக்கீல் ஃபைலைப் பிரிப்பார், வில்லன் மீசையை முறுக்குவார்! ஆனா ஃப்ரெண்ட்ஸ், எங்க எளாவூரிலும் உயில் பெரிய மேட்டர்தான். ஒரு பக்கம் சென்னை - கொல்கத்தா ஹைவேஸ், இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆடு மேய்ஞ்ச இடத்துக்கெல்லாம் இப்ப புரோக்கர் போன் பண்றார்.

எங்க தாத்தாவுக்கு வயசு 78. கம்பெனி வேலையில் இருந்து ரிடையர் ஆனவர். போன வருஷம் ஒருநாள், "நான் உயில் எழுதணும்"னார். வீடே கப்சிப்! "எதுக்கு மாமா அபசகுனமா பேசறீங்க?"ன்னு அம்மா பதறினாங்க. "இன்ஷூரன்ஸ் போட்டா ஆக்சிடென்ட் ஆயிடுமாம்மா?"ன்னு தாத்தா கேட்டார்.

அவர் கவலை அத்தையைப் பத்தி. மாமா இறந்த பிறகு அத்தை எங்க வீட்டு முன்பக்க ரூமில்தான் இருக்காங்க. தாத்தா காலத்துக்கு அப்புறம் அவங்களை யாரும் "வெளியே போ"ன்னு சொல்லிடக் கூடாது. அந்த "யாரும்"ல அப்பாவும் இருக்கார், நானும் இருக்கேன். யோசிச்சப்ப கொஞ்சம் சுருக்குனுதான் இருந்தது.

"பத்திரம் எழுதறவர்கிட்ட சொன்னா அரை மணி நேர வேலை"ன்னார் அப்பா. தாத்தா கேட்கலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு வக்கீல் மேடத்தைப் பார்க்கப் போனோம். பைக் டிரைவர் என்ற தகுதியில் நானும்!

மேடம் செய்த முதல் வேலை, "ஐயாவைத் தவிர எல்லாரும் வெளியே உட்காருங்க." அப்பா முகம் மாறிடுச்சு. காரணத்தை அப்புறம் சொன்னாங்க: சொத்து வரப்போற ஆள் பக்கத்திலேயே நின்னா, நாளைக்கு "மிரட்டி எழுத வாங்கினாங்க"ன்னு கேஸ் போட அதுவே பாயின்ட்.

அடுத்து கேள்விகள். எது பூர்வீகம், எது சொந்த சம்பாத்தியம்? மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எங்கே? பார்த்தால், பூர்வீக நிலத்தின் பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பேரில்! "முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அடுத்தவங்க பங்கை உயிலில் எழுத முடியாது"ன்னாங்க.

"பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே, அப்புறம் என்ன பங்கு?"ன்னு சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார். 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தர சட்டம் வந்தாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அது கிடையாது. 2005-ல் மத்திய சட்டம் அந்தத் தடையையும் எடுத்திருச்சு. பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமைன்னு 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாச் சொல்லிடுச்சு. உயிலே இல்லேன்னா? தாத்தாவோட சொத்தில் ஆயா, அப்பா, அத்தை மூணு பேருக்கும் சம பங்கு. ஆனா எந்த ரூம் யாருக்குன்னு சட்டம் சொல்லாது. அதுக்குத்தான் உயில்.

உயில் இல்லேன்னா என்ன ஆகும்னு தமிழ்நாடே பார்த்திருக்கு. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ல் இறந்தாங்க. அவங்க அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் சட்டப்படி வாரிசுன்னு ஹைகோர்ட் சொன்னது 2020-ல். போயஸ் கார்டன் வீட்டுச் சாவி கைக்கு வந்தது 2021 டிசம்பரில். முதலமைச்சர் வீட்டுக்கே அஞ்சு வருஷம்!

சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். தாத்தா தன் வயசு தோஸ்துங்க ரெண்டு பேரைச் சொன்னார். மேடம் சிரிச்சாங்க. "உங்களுக்கு அப்புறம் கோர்ட்டுக்கு வந்து சொல்ற வயசுல ஆள் வேணும் ஐயா!" நான் கையைத் தூக்கினேன். "வாரிசு வீட்டு ஆள் வேண்டாம்"னு கட் பண்ணிட்டாங்க. கடைசியில் பக்கத்துத் தெரு அண்ணன்கள் ரெண்டு பேர். தாத்தா சுயநினைவோடு இருக்கார்னு டாக்டர் சர்டிஃபிகேட்டும் வாங்கினோம்.

உயிலை வெள்ளைப் பேப்பரில் எழுதினாலே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. ரிஜிஸ்டர் பண்றதும் கட்டாயமில்லை. ஆனா பண்ணிட்டா தொலைஞ்சு போற பயம் இல்லைன்னு தாத்தா சார்பதிவாளர் ஆபீஸ் போயிட்டு வந்துட்டார். மனசு மாறினா எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும்.

உள்ளே என்ன இருக்கு? எனக்குத் தெரியாது. அப்பா கேட்டதுக்கு, "எனக்கப்புறம் படிச்சுக்கோ"ன்னுட்டார் தாத்தா. ரெண்டு நாள் அப்பா சரியாப் பேசலை. அத்தை இன்னிக்கு வரைக்கும் கேட்கவே இல்லை. ஆனா, ரூமுக்குப் புதுசா வெள்ளை அடிச்சிருக்காங்க!

வக்கீல் ஃபீஸுக்குப் பயமா? 15100-க்கு போன் பண்ணுங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள்னு பலருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. சிப்காட் ஏரியா பசங்க நோட் பண்ணிக்கங்க.

ரிசல்ட் பார்க்க ராத்திரி முழுக்க நெட்டில் உட்கார்ற ஆளுங்கதானே நாம? அதே நெட்டில் பட்டாவையும் பார்க்கலாம். உங்க வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்குன்னு தெரியுமா பாஸ்?