ரெண்டு பிம்பமும் ஒண்ணாகும் நாள்

எனக்கு ஊர் கல்லங்குறிச்சி. ராமநவமித் தேர்க் கூட்டத்தைப் படம் பிடித்தே பிழைத்தவர் என் தாய்மாமா. அவரிடம் இருந்தது ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. ஊட்டியில் தயாரான இந்து 120 ஃபிலிம் போட்டால் 12 படம்.

"உள்ளே ரெண்டு பிம்பம் தெரியும் மாப்ளே. ரெண்டும் ஒண்ணாகிற வரைக்கும் லென்ஸைத் திருப்பு, அவ்வளவுதான்" என்பார்.

கல்யாணமான புதிதில் அம்மாவைத் தேர் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். பின்னால் தேர்ச்சக்கரம் பளிச். அம்மா முகம் மங்கல். முன்பு எப்போதோ கேமரா கீழே விழுந்ததில் உள்ளே நெம்புகோல் துளி நகர்ந்திருக்கிறது. அம்மா இன்று இல்லை. மெக்கானிக்கல் படிக்கும் எனக்கு அந்தத் துளிப் பிசகு மனதை விட்டுப் போகவில்லை.

2004-இல் எப்சன் ஆர்-டி1 முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டராக வந்தது. அதன் சென்சார் சிறியது. 2025-இல் ஃபியூஜிஃபிலிமின் ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃப் வந்தது. சுமார் 44×33 மி.மீ. மீடியம் ஃபார்மட் சென்சார், 102 மெகாபிக்சல். தோற்றம்தான் ரேஞ்ச்ஃபைண்டர், உள்ளே பார்த்தால் மின்திரை! பெரிய சென்சாரில் ஃபோகஸ் ஆழம் குறைவு. பிக்சல் கூடக்கூடச் சின்னப் பிசகும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய நெம்புகோல் இதற்கு ஈடுகொடுப்பது கஷ்டம்.

வழி இல்லாமலா போகும்? லென்ஸின் இடத்தை மின்னணு அளவி அளக்கட்டும். அதற்கேற்பக் குட்டி மோட்டார் பிம்பத்தை நகர்த்தட்டும். பிசகினால் சென்சார் படத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளட்டும். மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் நம் புராஜெக்டிலேயே ஒரு மாதிரி செய்து பார்க்கலாம். யார் வர்றீங்க?

இனி தேர் முன் நிற்கும் எந்த அம்மாவின் முகமும் மங்கலாக விழக்கூடாது.