பறையும் பாஞ்சோவும்

என் வயதுக்காரர்களைப் பாட்டுக் கேட்கச் சொன்னால் பாகவதரில் தொடங்கி டி.எம்.எஸ்., சுசீலா என்று போவார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் இன்று எழுதப்போவது வேறு இரண்டு குழுக்களைப் பற்றி. ஒன்று 1982-இல் லண்டனில் தொடங்கியது. மற்றொன்று 2018-இல் சென்னையில் மேடை ஏறியது. இரண்டையும் ஒரே மனிதன் விரும்பிக் கேட்டான் என்றால் நம்புவதற்குச் சிரமம்தான்.

முதல் குழுவின் பெயர் 'தி போக்ஸ்'. பாண்டிச்சேரியில் என்னுடன் பிரெஞ்சில் படித்தவர்களில் பலர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். விடுமுறையில் வந்த ஒருவன் விட்டுப்போன கேசட்டில்தான் அவர்களை முதலில் கேட்டேன். 1988-இல் வெளிவந்த ஆல்பம் அது. பாட்டு ஆங்கிலத்தில். என் ஆங்கிலமோ ஆபீஸ் ஃபைலுக்குக் குறிப்பு எழுதும் அளவுக்குத்தான். பாதிச் சொல் புரியவில்லை. ஆனால் அக்கார்டியன் புரிந்தது, அது பிரெஞ்சுப் பாட்டுகளில் கேட்டுப் பழகியது. அதோடு பாஞ்சோ, தகரப் புல்லாங்குழல், பின்னால் குதிரை ஓடுவதுபோல் டிரம்ஸ். பாடியவர் ஷேன் மெகோவன். பல் விழுந்த வாயோடு, நடுராத்திரியில் தெருமுனையில் நின்று பாடுவதுபோல ஒரு குரல்.

அயர்லாந்திலிருந்து கூலி வேலைக்கு லண்டன் போனவர்கள் ஏராளம். கட்டட வேலை, ரோடு வேலை, ஆஸ்பத்திரி வேலை. அவர்களின் தாத்தா, பாட்டி பாடிய பாட்டுகளை எடுத்து, அந்தக் காலத்து இளைஞர்களின் 'பங்க்' இசை வேகத்தில் இந்தக் குழு பாடியது. குழுவின் முதல் பெயரே ஐரிஷ் மொழியில் ஒரு வசவு. மரியாதை கருதி அதை இங்கே மொழிபெயர்க்கவில்லை. ஆங்கிலேய வானொலிக்காரர்களுக்கு ஐரிஷ் தெரியாததால் கொஞ்ச நாள் ஓடியது. பொருள் தெரிந்ததும் பெயரைப் பாதியாக வெட்டவேண்டி வந்தது.

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு திருப்பூர் வந்தேன். மாப்பிள்ளைக்கு பனியன் கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. அதில் திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் குடியிருந்தான். பவர் டேபிள் டெய்லர். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்டு, சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு. துவைக்கும்போது செல்போனில் பாட்டு ஓடும். ஒரு ஞாயிறு ஓடிய பாட்டு என்னைச் சுவரோரம் நிற்க வைத்தது. கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் கானாவும் ஒரு பக்கம். போக்ஸ் கேட்டபோது வந்த அதே துள்ளல்.

"தம்பி, இது யாரு?" என்றேன்.

"தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்க அய்யா," என்றான். திருப்பூர் 'ங்க' அவன் பேச்சில் ஒட்டியிருந்தது.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி. வடசென்னைக் கானா பாடகர்களும் ராக் வாசிப்பவர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். கானா பாடும் பெண்களே அரிது, அந்த மேடையில் இசைவாணி பாடினார். 2020-இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. குழுவின் பெயருக்கு மூலம், அயோத்திதாசப் பண்டிதர் எழுதிய 'சாதி பேதமற்ற' என்ற சொல். இட ஒதுக்கீட்டைப் பற்றிக்கூட ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஆபீசில் எத்தனையோ சுற்றறிக்கை படித்தவன். அந்த விஷயத்துக்கு இப்படித் தாளம் போடலாம் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொன்னதில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவன் எனக்கு ஒரு பாட்டு, நான் அவனுக்கு ஒரு பாட்டு. போக்ஸ் கேட்டுவிட்டு, "இவங்களும் பொழைக்க வந்த ஊர்லதானுங்க பாடறாங்க?" என்று கேட்டான். கேசட் கொடுத்த நண்பன்கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஒருநாள் பறை மட்டும் தனியாக வரும் இடத்தில் பாட்டை நிறுத்தினான். "எங்கப்பா இதைவிட நல்லா அடிப்பாருங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க அய்யா. ஊட்டுக்காரர் வாடகை பேசறப்பவே 'நீங்க என்ன ஆளுங்க'ன்னு கேட்டாரு. வேற ஏதோ சொல்லித்தான் ரூம் வாங்குனேன்," என்றான்.

தையல் மெஷினில் உட்காரும்போது யாரும் கேட்காத கேள்வி. படுத்துத் தூங்க ஒரு அறை வேண்டும் என்றால் முதலில் வருகிறது. தன் அப்பாவின் கைத்தொழிலை மறைத்தால்தான் இவனுக்குக் கூரை. அதே பறையை மேடையில் நடுவில் நிறுத்தி, மைக் வைத்து, ஆயிரம் பேர் கைதட்டுவதை செல்போனில் பார்க்கிறான். அந்தப் பாட்டு அவனுக்கு வெறும் பொழுதுபோக்காக எப்படி இருக்கும்?

2023 நவம்பர் 30-ஆம் தேதி ஷேன் மெகோவன் 65 வயதில் காலமானார். அயர்லாந்தில் நீனா என்ற ஊரின் தேவாலயத்தில் இறுதித் திருப்பலி. அவருடைய பாட்டைப் பாடினார்கள், சவப்பெட்டிக்கு முன்னாலேயே குடும்பத்தார் ஜோடியாக ஆடினார்கள். அந்த வீடியோவைப் பார்த்த என் மகள், "சாவு வீட்டில் இப்படியா அப்பா?" என்று திகைத்தாள். பையன் திகைக்கவில்லை. "நம்ம ஊர் மாதிரியே அனுப்பி வெக்கிறாங்க," என்றான். கானாவும் மரண வீட்டில் வளர்ந்த பாட்டுதானே.

இப்போது அவன் பெருமாநல்லூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான். போன பொங்கலுக்கு எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். ஊர்க் களத்தில் அவன் அப்பா பறை அடிக்கிறார், பக்கத்தில் இவனும் ஒன்றைத் தோளில் மாட்டி அடிக்கிறான். கீழே ஒரு வரி: "கம்பெனி குரூப்லயும் போட்டுட்டேனுங்க அய்யா."