சூடேறினால் நிற்கும் வண்டி

தலவாக்கலையிலிருந்து லிந்துலைப் பக்கம் போகும் வீதியில், மேல்கொத்மலை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கண்ணுக்கு மறைந்து சற்று நேரத்தில் ஒரு தகரக் கொட்டில் வரும். பெயர்ப்பலகை இல்லை. கழற்றிப்போட்ட த்ரீவீல் ஒன்றும் சக்கரமில்லாத ஹொண்டா எம்.டி. 90 ஒன்றும் வாசலில் கிடப்பதுதான் அடையாளம். நானும் மாஸ்டரும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் பாஸ் உள்ளே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

"ஓட்டிக்கிட்டு வந்தீங்களா, தள்ளிக்கிட்டு வந்தீங்களா?"

"டவுன்லருந்து தள்ளிக்கிட்டுத்தான் வந்தோம் பாஸ்."

"நல்லதாப் போச்சு. எஞ்சின் ஆறியிருக்கும்."

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வண்டி பி.எஸ்.ஏ. எம் 20. 496 சி.சி., ஒற்றை சிலிண்டர், சைட் வால்வு. எடை 160 கிலோவுக்கு மேல். பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பனி. அதன் முத்திரையே சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காக மட்டும் ஏறத்தாழ 1,26,000 எம் 20 செய்தார்கள். இவ்வளவு பெரிய எஞ்சின் தருவது 13 குதிரைவலு. இன்றைய 150 சி.சி. பல்சர் அதைச் சிரமமில்லாமல் தருகிறது. ஆனால் எம் 20இன் அமுக்க விகிதம் ஐந்துக்கும் குறைவு. எந்தப் பெற்றோலை ஊற்றினாலும் குடிக்கும். சேற்றிலும் மணலிலும் யார் உதைத்தாலும் கிளம்பும். போருக்கு வேண்டியது அதுதான்.

தேயிலைத் தோட்டத்துக்கு வேண்டியதும் அதுதான். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. போர் முடிந்தபின் அந்தப் பட்டாளம் கழித்த மோட்டார் சைக்கிள்கள் மலைக்கு ஏறின என்பது பாஸ் சொல்லும் கதை. தோட்ட மனேஜரான பெரியதொரைக்குக் கார், உதவி மனேஜரான சின்னதொரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது அந்தக் காலத்து வழக்கம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கும் அங்கிருந்து மலை மலையாகவும் சின்னதொரை அதில்தான் போவார். சத்தம் முன்னால் வரும், தொரை பின்னால் வருவார். அதற்குள் கங்காணிமார் வரிசையைச் சரிசெய்துவிடுவார்கள்.

மாஸ்டர் தம் வண்டியின் குறையைச் சொன்னார். காலையில் இரண்டாம் உதையில் ஸ்டார்ட் ஆகும். லிந்துலை தாண்டி ரதல்ல ஏற்றத்தில் பாதியில் திணறி நிற்கும். அரை மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். கொழும்பில் ஒரு கராஜில் இரண்டு தடவை காபரேட்டரைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தார்கள். ஒன்றும் மாறவில்லை.

பாஸ் எதையும் கழற்றுமுன் சைலன்சர் வாய்க்குள் விரலைவிட்டு எடுத்துப் பார்த்தார். கரி. பிறகு பிளக்கைக் கழற்றினார். அதுவும் அடுப்புச் சட்டி மாதிரிக் கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"ஒயில் இல்ல. பெற்றோல் கூட. எத்தன ஜெட் போட்டிருக்கான்?"

170 என்றார் மாஸ்டர். புத்தகத்தில் உள்ளபடிதான். அமல் காபரேட்டர் ஜெட்டில் வெட்டியிருக்கும் எண், அந்தத் துளை வழியாக ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்ரிமீற்றர் பெற்றோல் இறங்கும் என்பதைக் குறிக்கிறது. பாஸ் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தார். கம்மல் திருகுபோலப் பித்தளைத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு. ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து மாட்டினார். 160.

"புத்தகம் எழுதினவன் கடலோரத்துல உக்காந்து எழுதினான். இங்க காத்து எங்க இருக்கு?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் பாஸ் சொல்வது அச்சாகப் பொருந்துகிறது. தலவாக்கலை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரம். சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம் 1,382 மீற்றர். 1,200 மீற்றரில் காற்றின் அடர்த்தி சுமார் பதினொரு வீதம் குறைந்துவிடும். நுவரெலியாவுக்கு ஏறினால் பதினேழு வீதம். காற்று குறைந்த அளவுக்கு எஞ்சின் இழுக்கும் பெற்றோல் தானாகக் குறைவதில்லை. பாதிதான் குறையும். மிச்சம் கரியாகப் பிளக்கில் படியும். ஜெட்டில் ஆறு வீதம் குறைத்தால் சரியாகிவிடும். 170க்கும் 160க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ அதே ஆறு வீதம்தான். இதை மாஸ்டர் ஒரு பழைய கலண்டர் தாளில் எழுதிக் காட்டினார். பாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க தண்ணியே நூறுல கொதிக்கிறதில்ல சேர்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அவருக்கு அதில் திருப்தியில்லை. பெற்றோல் கூடினால் திணறும், புகை விடும். சூட்டில் நின்று ஆறியதும் கிளம்பாது. "இது ரெண்டு வியாதி. ஒன்னு இன்னொன்ன மறைக்குது."

மற்ற வியாதியைப் பார்க்க வண்டியை நிற்க வைத்தே ஆகவேண்டும். பாஸின் உதவியாள் பையன் எம் 20இல் முன்னால் போக, நாங்கள் மூவரும் த்ரீவீலில் பின்னால் போனோம். வழியெல்லாம் மூடுபனி. ரதல்ல ஏற்றத்தில் மாஸ்டர் சொன்ன அதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு முறை இருமி நின்றது. பையன் வீதியோரம் தள்ளுமுன்பே பாஸ் இறங்கி ஓடினார். அறுபத்தெட்டு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கந்தலைப் பிடித்துக்கொண்டு கொதிக்கும் பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி சிலிண்டர் தலையில் படுக்கவைத்தார். பையன் உதைத்தான். பொறி வந்தது, ஆனால் நூல் மாதிரி, மஞ்சளாக. காலையில் பாஸின் கொட்டிலில் அதே பிளக் நீலமாகச் சொடுக்கியதை நான் பார்த்திருந்தேன். அடுத்து மெக்னெட்டோவின் மூடியை எடுத்துவிட்டு, த்ரீவீலிலிருந்து ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கும் குளிருக்கும் தலையில் போட்டுக்கொள்ளும் அதே கறுப்புக் கம்பளி. அதைத் தலையோடு போர்த்தி, பழைய காலத்துப் படம்பிடிப்பவர் மாதிரி குனிந்து, "உதைடா" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உள்ள வாங்க."

கம்பளிக்குள் ஈரக் கம்பளி வாடையும் பெற்றோல் வாடையும். அந்த இருட்டில் பையன் உதைக்கும்போதெல்லாம் பொயிண்ட் இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சிறு நெருப்பு பற்றி அணைந்தது.

"பிளக்குல எரிய வேண்டியது இங்க எரியுது. கண்டன்சர் போச்சு."

மெக்னெட்டோவுக்குப் பற்றரி தேவையில்லை. காந்தத்துக்குள் ஒரு சுருள் சுற்றுகிறது. பொயிண்ட் திறக்கும் கணத்தில் சுருளில் ஓடும் மின்சாரம் அறுகிறது. அறுந்த அதிர்ச்சி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பிளக்குக்குப் போகிறது. எவ்வளவு வெடுக்கென்று அறுகிறதோ அவ்வளவு நல்ல பொறி. பொயிண்டில் நெருப்புப் பற்றவிடாமல் அதை வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. பழைய லூக்காஸ் மெக்னெட்டோவில் அது சுருளோடு சேர்ந்து உள்ளேயே சுற்றும். காலம் போனால் உள்ளே ஒழுகத் தொடங்கும். குளிரில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், சூட்டில் கைவிட்டுவிடும். வண்டி அரை மணி நேரம் கல்லோரம் இளைப்பாறியது இதனால்தான்.

வண்டி ஏதாவது காலத்தில் ஓடாமல் நின்றதா என்று பாஸ் கேட்டார். நின்றது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கிய காலத்தில் மாஸ்டர் இதை விறாந்தையில் விட்டுவிட்டார். இரண்டு மழைக்காலம். "ஓடுற வண்டிக்குத் தேய்மானம். நிக்கிற வண்டிக்குத்தான் சேர் வியாதி."

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். மெக்னெட்டோ பழைய பத்திரிகைமேல் பிரிந்து கிடந்தது. உள்ளே இருக்கும் சுருளை வெளியே இழுக்குமுன் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய திருகைக் கழற்ற வேண்டும். அந்தத் திருகின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மறந்துவிட்டு இழுத்தால் சுருளோடு சுற்றும் வளையத்தின் விளிம்பு உடைந்து போகும். மாஸ்டரின் மெக்னெட்டோவில் ஏற்கெனவே ஓர் ஓரம் உடைந்து, யாரோ ஒட்டியிருந்தார்கள். பாஸ் அதைக் காட்டியபோது திட்டவில்லை. "நானும் ஒரு தடவ ஒடச்சிருக்கேன். எங்கப்பா என்ன அடிச்சாரு." சுருளை எடுத்ததும் காந்தத்தின் இரு முனைக்கும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையை ஒட்டவைத்தார். அப்படி வைக்காவிட்டால் பழைய காந்தம் வலு குறைந்துவிடும். புதிய கண்டன்சர் கட்டைவிரல் நகம் அளவுதான். ஹட்டனில் ரேடியோ திருத்துகிறவரிடம் வாங்கியது. பழையது இருந்த குழியில் அதை அரல்டைட் வைத்துப் பதித்து, ஒரு நாள் காயவிட்டிருந்தார்.

அவருடைய அப்பா ஒரு தோட்டத்து ஸ்டோரில் பிட்டர். தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ரோலர், டிரையர், எல்லாவற்றையும் இழுக்கும் நெடும் சாஃப்ட், பெல்ட், ஸ்டோர் எஞ்சின் ஆகிய அத்தனையையும் காதால் கேட்டே குறை சொல்லும் ஆட்கள் அவர்கள். 1875இல் பிரவுன் கம்பனி ஹட்டனில்தான் பொறியியல் வேலையைத் தொடங்கியது என்றால், இந்த மலையில் இரும்பு வேலைக்கு எவ்வளவு தேவை இருந்தது என்று விளங்கும். ஆனால் பெரிய பட்டறைக்கு அனுப்பாமல் தோட்டத்திலேயே முடிந்த வேலைதான் அதிகம். சின்னதொரையின் மோட்டார் சைக்கிளும் அதில் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை பங்களாப் பின்பக்கம் சிலிண்டர் தலையைக் கழற்றி, கரி சுரண்டி, வால்வு தேய்த்து, பூட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது. பங்களா வேலையாள் அப்பு கொண்டுவந்து தரும் பாண் துண்டும் தேத்தண்ணியும்தான்.

"அவரு ஓட்டுவாரா?"

"எங்க? ஸ்டோர் வாசல்லருந்து கேட் வரைக்கும். சரியா ஓடுதான்னு பாக்க. கேட்டத் தாண்டினா கேள்வி வரும்."

ரதல்லவிலும் நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையிலும் மலையேற்ற ஓட்டப் போட்டிகள் நடந்திருக்கின்றன. ஓட்டியவர்கள் பெயர் கோப்பையில் இருக்கும். முந்திய இரவு விளக்கைப் பிடித்துக்கொண்டு வால்வு டெபட் இடைவெளி பார்த்தவர்களின் பெயரை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸின் ஸ்பேனர்கள் அப்பாவுடையவை. பிரிட்டிஷ் விட்வர்த் அளவு. இன்றைய மில்லிமீற்றர் ஸ்பேனரில் 13 போட்டால் நட்டுக்குள் போகாது, 14 போட்டால் வழுக்கி மூலையைத் தின்றுவிடும். இப்படி மூலை மழுங்கிய நட்டுகளைப் பார்த்தே முன்பு எப்படிப்பட்டவர் கைவைத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். செட்டில் பாதிதான் இருந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது சித்தப்பா தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போனார். ஸ்பேனர்களும் அப்படியே பங்கு பிரிந்தன. சித்தப்பா அங்கே புல்லட் திருத்தினார். மெட்ராசில் செய்த பழைய புல்லட்டுக்கும் அதே விட்வர்த்தான். "ஒரே செட்டு. கடலுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி." 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போய், கடைசித் தொரைமாரும் போனபின் மோட்டார் சைக்கிள்கள் டீமேக்கருக்கும் கிளார்க்மாருக்கும் கைமாறின. அப்போதுதான் பாஸ் முதன்முதலாகக் கேட்டைத் தாண்டி ஓட்டினாராம். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நானுஓயா ஸ்டேசன் வரைக்கும் என்றார், கையிலிருந்த வேலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பிற்பகல் டைமிங் வைத்தார். கரி சுரண்டுவதற்காக சிலிண்டர் தலை எப்படியும் வெளியேதான் இருந்தது. சைட் வால்வில் இது ஒரு வசதி: போல்ட்டுகளைக் கழற்றினால் தலை பானை மூடிபோலக் கையோடு வந்துவிடும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பின்னுக்கு 7/16 அங்குலம் இறக்கினார். கிட்டத்தட்ட 11 மில்லிமீற்றர். பொறி விழவேண்டிய இடம் அது. ஹாண்டில்பாரில் உள்ள டைமிங் லிவர் முழு முன்னேற்றத்தில் இருக்கவேண்டும். பொயிண்ட் இடைவெளி 12 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. பொயிண்ட் எப்போது திறக்கிறது என்பதைக் கண்ணால் பிடிக்கமுடியாது. சிகரெட் தாளை இடையில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பது பழைய வழி. தாள் விடுபடும் கணமே பொயிண்ட் திறக்கும் கணம். பாஸ் சிகரெட் தாள் வைக்கவில்லை. ஒரு ஹோட்டல் தேநீர்ப் பையைப் பிரித்து, தூளைத் தட்டிவிட்டு, அந்தத் தாளில் ஒரு கீற்று கிழித்து வைத்தார்.

"இந்தத் தேத்தண்ணியக் குடிக்க முடியாது. தாளு நல்ல தாளு."

இந்த எஞ்சினில் மெக்னெட்டோப் பல்சக்கரத்தைச் சாவி வைத்துப் பூட்டுவதில்லை. கூம்புத் தண்டில் இறுக்குவதுதான். இறுக்கும்போது அரை இழை திரும்பினால் போச்சு. மூன்று தடவை இறுக்கி, மூன்று தடவையும் தாளை இழுத்துப் பார்த்து, திருப்தியில்லாமல் திரும்பத் தளர்த்தினார். நான்காம் தடவை தாள் அவர் விரலில் தானாக வந்தது. பையனைப் பார்த்தார். பையன் தலையாட்டினான். அதற்குப் பிறகு டெபட்: இன்லெட் 10 தவ், எக்ஸோஸ்ட் 12. அதைப் பையன் பார்த்தான், பாஸ் திரும்பவும் பார்க்கவில்லை.

அஞ்சு மணிக்கு மாஸ்டர் வந்தார். டேப்பைத் திறந்து, காபரேட்டரின் டிக்லரைப் பெற்றோல் விரலில் சொட்டும்வரை அமுக்கி, டைமிங் லிவரைப் பின்னுக்கு இழுத்து, வால்வ் லிஃப்டரைப் பிடித்தபடி பிஸ்டனை உச்சி தாண்டவைத்து, ஒரே நீள உதை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எண்ணிவிடலாம்போல நிதானமாக எஞ்சின் துடித்தது. பாஸ் ஒரு நீளத் திருப்புளியின் முனையை சிலிண்டரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் தந்தார். உள்ளே வால்வுகள் தறி மாதிரி நடந்துகொண்டிருந்தன.

மாஸ்டரும் பையனும் ரதல்ல ஏறி நானுஓயா போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் எடுத்தது. நிற்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், பிஸ்கட் நிறம். காசு பேசிக் கொடுத்து, மாஸ்டர் ஹெல்மட் போடும்போது பாஸ் உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் சட்டைப் பையில் வைத்தார். ஆட்டினால் சத்தம் கேட்டது.

"ஒங்க 170. கொழும்புக்கு எறங்கினீங்கன்னா கினிகத்தேனையில நிப்பாட்டி இத மாட்டிக்குங்க. இல்லன்னா வால்வு எரிஞ்சிரும். ஏறி வரும்போது மறக்காம மாத்துங்க."