சுமக்கிறவர்களுக்கு ஒரு கூரை



அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களின் கிராமச் சாலைகளில் இலையுதிர் காலத்தில் பயணம் செய்கிறவர்கள் கூரையிட்ட மரப்பாலங்களைத் தேடிச் சென்று பார்ப்பது வழக்கம். மலைச்சரிவெங்கும் மேப்பிள் இலைகள் சிவந்திருக்க, நீண்ட களஞ்சியம் ஒன்றை ஆற்றின் குறுக்கே கிடத்தியதுபோல் பாலம் நிற்கும். அவ்விரு மாநிலங்களையும் இணைக்கும் கார்னிஷ்–வின்ட்சர் பாலத்தை நானும் கடந்திருக்கிறேன். 1866ஆம் ஆண்டு கட்டப்பட்டது; நீளம் ஏறத்தாழ 450 அடி. அதற்கு முன்பு அவ்விடத்தில் இருந்த பாலங்களைக் கனெக்டிகட் ஆற்றின் வெள்ளம் கொண்டுபோயிற்று. குதிரைகளை நடத்தியே செல்லவேண்டும், மீறினால் இரண்டு டாலர் அபராதம் என்று எச்சரிக்கும் பலகை அதன் முகப்பில் உண்டு. எங்கள் காரும் குதிரை நடையில்தான் சென்றது!

பாலத்துக்கு எதற்குக் கூரை? வழிப்போக்கர் நனையாதிருக்க என்றே பலரும் எண்ணுவார்கள். அதுவல்ல காரணம். பாரத்தைத் தாங்குவது இருபுறமும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்ட மரச்சட்டகம். மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்டால் அதன் பொருத்துகளில் நீர் இறங்கி மரம் மக்கிவிடும். மூடப்படாத மரப்பாலம் பத்து, இருபது ஆண்டுகளே நிற்கும். பலகைச் சுவரும் கூரையும் இட்டால் நூறு ஆண்டுகளையும் கடந்து நிற்கும். பனிக்காலத்தில் சறுக்குவண்டிகள் செல்வதற்காக, வெளியிலிருந்து பனியை அள்ளிவந்து பாலத்தின் தளத்தில் பரப்பினார்கள். கூரை பயணிக்காக அல்ல, சுமக்கிற மரத்துக்காக என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அப்பாலத்தினுள் நின்றபோது மோசேயின் நினைவு வந்தது. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில் அவருடைய கைகள் அசந்துபோகின்றன. ஆரோனும் ஊரும் அவருக்கு விசுவாசத்தைப் பற்றிப் போதிக்கவில்லை. அவர் உட்காருவதற்கு ஒரு கல் கொண்டுவரப்பட்டது. பின்பு அவ்விருவரும் இருபுறமும் நின்று அவர் கைகளைத் தாங்கினார்கள். அந்தக் கல்லைப் பற்றி நாம் அதிகமாகப் பிரசங்கிப்பதில்லை.

திருச்சபையில் பாரம் சுமக்கிறவர்களை நாம் பாராட்டுகிறோம், பிறருக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறோம். ஆனால் மழையில் விட்டுவிடுகிறோம். படுக்கையிலிருக்கும் தாயைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் சகோதரி ஒருவர் நம் நடுவில் இருக்கிறார். ஆராதனை முடிந்ததும், “அம்மா எப்படி இருக்கிறார்கள்?” என்று எல்லாரும் அவரைக் கேட்பார்கள். “நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை, ஐயா” என்றார் ஒருநாள். முறையீடாகச் சொல்லவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்.

இப்போது பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர் செவ்வாய்க்கிழமை மதியந்தோறும் சென்று அந்தத் தாயின் அருகில் அமர்ந்திருக்கிறார்கள். முதல் செவ்வாயன்று சகோதரி வெளியே எங்கும் போகவில்லை. அடுத்த அறையில் மூன்று மணி நேரம் உறங்கினாராம். வியாழக்கிழமைக்கும் இரண்டு பேர் தேவை. வரக்கூடியவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள்.