செய்தி எப்போ கதையாகுது?

ராஜா இறந்து, அப்புறம் ராணியும் இறந்தா அது வெறும் சம்பவம். துக்கம் தாங்காம ராணி இறந்தான்னா அங்க கதைப்பின்னல் வந்துடுது. இ.எம்.ஃபார்ஸ்டர் 1927ல சொன்ன விஷயம் இது. எல்லாம் அந்த 'ஏன்'ல இருக்குங்க.

நம்ம ஊர்லயே பாப்போமே. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006ல உற்பத்தியைத் தொடங்குச்சு, 2014 நவம்பர் 1ல நிறுத்துச்சு. இது செய்தி.

வேலை போனதை வீட்ல சொல்லாம, தினமும் யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டுக் கிளம்பற ஒரு பொண்ணைக் கற்பனை பண்ணுங்க. ஏன் சொல்லல? தெரிஞ்சா தம்பி காலேஜை விட்டுட்டு வேலைக்குப் போயிடுவான். இப்போ பாத்திரம் இருக்கு, ஆசை இருக்கு, தடையும் இருக்கு. மாசக் கடைசியில என்ன பண்ணுவாளோன்னு நமக்குப் பதறுதே... அதான் கதை!

ஓரகடம் ரோட்ல ஷிப்ட் பஸ் ஜன்னல்ல தூங்கி வழியற முகங்களைப் பாக்கறப்பல்லாம் தோணும்: தேதியை பேப்பர் சொல்லிடும், அந்த 'ஏன்'ஐ யாராவது எழுதினாத்தான் உண்டு.